அடுப்புத் தரை ஏன் ஆறிப்போகிறது?

கொல்லையில் நாமே கட்டிய பீட்சா அடுப்பில் முதல் பீட்சா ஜோராக வரும். மூன்றாவது மேலே கருகி, அடியில் பச்சை மாவாக நிற்கும். ஏன்?

நேப்பிள்ஸ் பாணி பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்தாக வேண்டும். மேற்புறத்தை வேகவைப்பது சுடரும், காய்ந்த குவிமாடம் வீசும் கதிர்வீச்சும். தீ எரியும்வரை அதற்குக் குறைவில்லை. அடிப்புறத்துக்கோ தரைக்கல்லில் தேங்கிய சூடுதான் கதி. ஈர மாவு ஒவ்வொன்றும் அதை உறிஞ்சிக்கொள்ளும். கல்லுக்குக் கீழே வெறும் கான்கிரீட் இருந்தால் மிச்சச் சூடும் அதற்குள் இறங்கிவிடும்.

ஆகவே முதல் திருத்தம் தரைக்கு அடியில்: தீச்செங்கல்லுக்குக் கீழே வெர்மிகுலைட் கலந்த சிமென்ட் அடுக்கு, சுமார் 10 செ.மீ. அதன் நுண்ணறைகளில் சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆனால் நனைந்தால் பயனில்லை. காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்து சூட்டைக் கடத்தும். (பலர் குவிமாடத்துக்கு மட்டும் வெப்பக்காப்புப் போர்வை சுற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே!)

அடுத்தது அடுப்பின் வாசல். அதன் உயரம் குவிமாட உள்ளுயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் என்பது கட்டுபவர்களின் கைக்கணக்கு. உயர்ந்தால் சூடு தப்பும். தாழ்ந்தால் தீ திணறும்.

அடுப்பு ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்டதா? இரண்டு பீட்சாவுக்கு ஒருமுறை தணலைத் தரையில் பரப்பி, சில நிமிடம் கழித்து ஒதுக்குங்கள்.