இரண்டு மூன்றான விந்தை

அலுவலகங்களில் பழகியோர் ஒரு வழக்கத்தை அறிவர். பிறர் கைக்குப் போக வேண்டிய ஆவணத்திற்கு நகல் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்வர். கணிப்பொறியின் பழைய மொழியொன்றில் நேர்ந்த விசித்திரமான பிழைக்கும் இதுவே மருந்தாயிற்று.

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரின் தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் மொழி 1957-இல் வெளிவந்தது. மனிதர் எழுதும் சூத்திரங்களை எந்திரத்திற்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பு நிரல். 1958-இல் வந்த இரண்டாம் ஃபோர்ட்ரான், பெரிய நிரலைச் சிறு துணைநிரல்களாகப் பிரித்தெழுத வழிசெய்தது. தொல்லையும் அவ்வழியே நுழைந்தது.

நிரலில் 2 என்ற எண் பத்து இடங்களில் வந்தாலும், பழைய கம்பைலர்கள் அதை நினைவகத்தின் ஓர் அறையில் ஒரே முறை எழுதிவைக்கும். துணைநிரலுக்கு 2-ஐ அனுப்புக என்று பணித்தால், எண்ணை அனுப்பமாட்டா. அறையின் முகவரியையே அனுப்பும். துணைநிரல் தனக்கு வந்த எண்ணோடு 1-ஐக் கூட்டி அங்கேயே எழுதுமாயின், அறையிலிருந்த 2 அழிந்து 3 அமர்ந்துவிடும். அதன்பின் 50-ஐ 2-ஆல் பெருக்கச் சொன்னால் விடை 150! எழுதியவர் தாளை எத்தனை முறை படித்தாலும் பிழை தென்படாது; தாளில் 2 என்றுதானே இருக்கிறது? தவறு நேர்ந்த இடம் ஒன்று, அது வெளிப்படும் இடம் வேறு.

அனுபவசாலிகள் கண்ட வழி எளியது. 'கே' என்றொரு மாறியில் 2-ஐ இட்டு, அந்த மாறியையே துணைநிரலுக்கு அனுப்பினர். மாறினால் 'கே' மாறும், 2 மாறாது. துணைநிரலை எழுதுவோரும், வந்த மதிப்பைத் தமக்கென ஒரு மாறியில் படியெடுத்துக்கொண்டு, அப்படியிலேயே கணக்குச் செய்தனர்.

பிற்காலக் கம்பைலர்கள் பல, இத்தகைய எண்களை மாற்றி எழுத இயலாத பகுதியில் வைத்தன. யாரேனும் கைவைத்தால் நிரல் நின்றுவிடும். பொய்யான விடையைக் காட்டிலும் அது மேலன்றோ? 1991-இல் தரமாக வெளியான ஃபோர்ட்ரான் 90-இல், வரும் மதிப்பு படிப்பதற்கு மட்டுமே என்று முன்கூட்டி அறிவிக்கவும் வசதி ஏற்பட்டது.

ஆயினும் வானிலைக் கணிப்பு முதலிய துறைகளில் பழைய ஃபோர்ட்ரான் நிரல்கள் இன்றும் உழைக்கின்றன. அவற்றைக் கையாளும் இளைஞர்கள், விடை பொருந்தாதபோது மூலத்தை மட்டும் புரட்டிப் பார்த்தல் போதாது. மொழிபெயர்ப்பையும் சோதிக்க வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதைச் சற்று நாணத்தோடுதான் சொல்கிறேன்.