இறுக்காமல் பிடிப்பது

சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகின்றன. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துச் சைக்கிள் கம்பெனி ஒன்று 1890களில் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்ததால் வந்த பெயர் அது. சின்னத்தில் பீரங்கி இடம்பெற்றதும் அதனால்தான். பெயரைவிடப் பெரிய சொத்து ஒன்றும் துப்பாக்கித் தொழிலிலிருந்து இந்தப் பகுதிக்கு வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த ஆலைக்குள் போனாலும் செய்யப்படும் பாகத்தை இயந்திரத்தின் மீது அசையாமல் இருத்தி வைத்திருக்கும் ஃபிக்ஸ்சர்தான் அது. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதசாலையில் 1820களில் ஜான் ஹால் என்பவர், ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் அப்படியே மாட்டக்கூடிய ரைபிள்களைச் செய்ய முயன்றார். வேலைக்கு வேலை வெவ்வேறு பக்கத்தை ஆதாரமாக வைத்துப் பாகத்தைப் பிடித்தால் சிறு சிறு பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும் என்பது அவருக்குப் புரிந்தது. எல்லா வேலைக்கும் ஒரே ஆதார இடம் என்று முடிவு செய்து, அதற்கேற்பப் பிடிப்பான்களை வடிவமைத்தார். 1826-27இல் ஒரு குழு வந்து அவருடைய ரைபிள்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, திரும்பப் பூட்டிப் பார்த்தது. பாகங்கள் பொருந்தின. 1850களில் என்ஃபீல்டு தொழிற்சாலை அமெரிக்க இயந்திரங்களை வாங்கியபோது இந்த வழிமுறையும் கடல் கடந்தது. பின்னர் சைக்கிளுக்கும் காருக்கும் பரவியது.

ஹால் விட்டுச்சென்ற பாடம், பொருளை அதன் இடத்தில் இருத்துவது ஒரு வேலை, அழுத்திப் பிடிப்பது வேறு வேலை என்பது. பட்டறையில் மூணு-ரெண்டு-ஒண்ணு என்பார்கள். எந்தப் பொருளும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளில் சுழலலாம். அடியில் மூன்று புள்ளி, பக்கவாட்டில் இரண்டு, முனையில் ஒன்று என ஆறு புள்ளிகளில் தாங்கினால் அதன் இடம் முடிவாகிவிடும். கிளாம்ப் செய்ய வேண்டியதெல்லாம் பொருளை அந்தப் புள்ளிகளோடு ஒட்ட வைப்பதுதான். தாங்கும் புள்ளிகள் சரியாக அமைந்தால் அழுத்தம் குறைவாகவே போதும். அவை தவறினால் எவ்வளவு இறுக்கினாலும் பொருள் நழுவும், அல்லது நசுங்கும். துப்பாக்கியைச் சுத்தம் செய்யும்போது அதைப் பிடித்து வைக்க எதை வாங்குவது, எதை விடுவது என்ற கேள்விக்கு இதுவே விடை என்பது என் வாதம். பெரிய வைஸ், கனமான வைஸ் என்று தேடுகிறவர்கள் அழுத்தத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது தாங்கும் இடங்களை.

சுத்தம் செய்யும்போது துப்பாக்கியின் மேல் என்ன விசை வருகிறது என்று பாருங்கள். தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, பின்பக்கமாகக் கம்பியைச் செலுத்தி, நுனியில் உள்ள பிரஷ்ஷைக் குழல் வழியே தள்ளி இழுக்கிறோம். விசை முழுவதும் குழலின் நீளவாக்கில்தான் வருகிறது. அதன் அளவும் ஒரு கை தள்ளும் அளவுதான். முன்னே நகராமல் ஒரு தடுப்பு, பின்னே நகராமல் அடிக்கட்டைக்கு ஒரு தடுப்பு, கீழே இரண்டு இடத்தில் மெத்தென்ற தாங்கி இருந்தால் போதும், மீதியைத் துப்பாக்கியின் எடையே பார்த்துக்கொள்ளும். நம் வீட்டுப் பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கிடையே உள்ள பள்ளத்தில் பச்சைக் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவார்கள் அல்லவா, அதே அமைப்புதான். பிள்ளையை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. பள்ளமும் எடையும் சேர்ந்து அதை இருத்துகின்றன, இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கின்றன. நல்ல தொட்டில் வடிவத் தாங்கியில் இன்னொரு வசதியும் உண்டு. குழல் வாயைச் சற்றே தாழ்த்தி வைக்கலாம். கரைப்பான் முன்பக்கம் வடிந்துவிடும். வாய் உயர்ந்திருந்தால் அது பின்னோக்கி ஓடி விசைப் பகுதிக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் இறங்கும். எண்ணெய் ஊறிய மரம் நாளடைவில் தன் உறுதியை இழக்கிறது. துப்பாக்கி நகர்ந்தால் கம்பி வளைந்து குழலின் உட்சுவரை உரசும் என்பதும் முக்கியம். குழல் வாயின் விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொடும் இடம். அது ஒரு பக்கம் தேய்ந்தால் பின்னால் வரும் வாயு சீரற்று வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். ஆகவே கம்பியும் குழலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் தாங்கியின் தலையாய கடமை.

சாதாரண பெஞ்ச் வைஸை இதற்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அதன் பலம் கைக்குத் தெரியாது. 25 சென்டிமீட்டர் கைப்பிடி, ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் மரை என்று வைத்துக்கொள்வோம். கை ஒரு சுற்றில் கடக்கும் தூரம் தாடை நகரும் தூரத்தைப் போல 300 மடங்குக்கு மேல். விசையும் அத்தனை மடங்கு பெருக வேண்டும், ஆனால் அதில் முக்கால் பங்குக்கு மேல் மரையின் உராய்வு தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்குதான் தாடைக்குப் போகிறது என்று வைத்தாலும், 20 கிலோ விசையில் தள்ளுகிற கை தாடைகளுக்கிடையே ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் தருகிறது. தட்டையான தாடைகள் உருண்டையான குழலை இரண்டே கோடுகளில்தான் தொடும், அந்த ஒரு டன்னும் அந்தக் கோடுகளில் இறங்கும். 12 போர் துப்பாக்கியின் குழல் முன்பகுதியில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய கனமே கொண்டது. உள்ளே வட்டம் நீள்வட்டமானால் வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியின் அலுமினியக் குழாய்க்கும் இதே கதிதான்.

குழலைக் கழற்ற வேண்டுமென்றால் பலமான பிடிப்பு வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான். அதற்கென்றே குழல் வைஸ் இருக்கிறது. குழலின் அளவுக்குக் குடைந்த மர அல்லது அலுமினியக் கட்டைகள் அதைச் சுற்றி அணைத்துக்கொள்ளும், கனமான பின்பகுதியில் மட்டும் பிடிக்கும். அங்கேயும் விசையைப் பரப்பிவிடுவதுதான் சூத்திரம். ஆனால் அது துப்பாக்கி பழுது பார்க்கும் ஆர்மரரின் வேலை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தொழிலாகத் துப்பாக்கி செய்வதற்கு மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது. சொந்தக்காரருக்கு உரியது துடைப்பதும் எண்ணெய் இடுவதும். அதற்குத் தொட்டிலே போதும்.

இந்த விஷயத்தில் என்னை மிகவும் கவர்வது மென்தாடை. வைஸின் எஃகுத் தாடையில் குறுக்குக் கோடுகள் வெட்டிக் கடினப்படுத்தியிருப்பார்கள். அது பொருளில் பதியாமல் இருக்க ஈயம், செம்பு, அலுமினியம், மரம், தோல் என்று ஏதேனும் மென்மையானதை இடையில் வைப்பது ஃபிட்டர் பிள்ளைகள் முதல் வருடத்தில் கற்கும் பாடம். மெத்தென்று இருந்தால் கீறாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் பட்டறையில் லேப்பிங் என்றொரு வேலை உண்டு. கடினமான எஃகைக் கண்ணாடி போல ஆக்க, அதைவிட மென்மையான வார்ப்பிரும்பு அல்லது செம்புத் தகட்டில் தேய்ப்புத் தூளை அழுத்திப் பதித்து, அதன் மேல் எஃகைத் தேய்ப்பார்கள். தேய்வது பெரும்பாலும் எஃகுதான். தூள் மென்மையான உலோகத்தில் புதைந்து நிலைகொள்கிறது. அங்கே உறுதியாக உட்கார்ந்துகொண்டு, எதிரே நகரும் கடினமான பரப்பை வெட்டுகிறது. வேண்டுமென்றே செய்தால் இது நுட்பமான கலை. தெரியாமல் நடந்தால் சேதம். நேற்று அதே வைஸில் யாரோ இரும்பை ராவியிருப்பார்கள், அந்த ராவுதூள் அலுமினியத் தகட்டில் பதிந்திருக்கும். இன்று அதில் துப்பாக்கியை வைத்து, பிரஷ்ஷைத் தள்ளத் தள்ள, ஒவ்வொரு இழுப்புக்கும் துப்பாக்கி மயிரிழை அசையும். துப்பாக்கி உலோகத்தின் நீலநிற மேற்பரப்பில் நேர்நேராகக் கோடு விழும். மென்தாடையைப் பாதுகாப்பு என்று நம்பியதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. வெள்ளை உலோக பேரிங்குகளுக்கும் இதே குணம் உண்டு. அழுக்குத் துகள் முழுதாக அமிழ்ந்தால் தண்டு தப்பிக்கும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தண்டைக் கோடு போடும். அதனால்தான் சுத்தம் செய்யும் தாங்கியை வேறெந்த வேலைக்கும் கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். அதன் மெத்தை கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், துவைக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

மெத்தைக்கு எது நல்லது? தோலைத்தான் முதலில் நினைப்பார்கள், ஆம்பூரும் வாணியம்பாடியும் இருக்கிற மாநிலம் ஆயிற்றே. வேலை நடக்கும் நேரத்துக்குத் தோல் சரி. ஆனால் பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் தங்கியிருக்கும், ஈரத்தையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னையைச் சுற்றிய காற்றில் துப்பாக்கியை அதன் மேல் இரவெல்லாம் கிடத்தினால் தொட்ட இடம் துருப்பிடிக்கலாம். சாதாரண இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பிப் பிசுபிசுக்கும். நைட்ரைல் ரப்பர் எண்ணெயைத் தாங்கும். எதுவானாலும் தாங்கி வேலைக்கானது, துப்பாக்கியைச் சேமித்து வைக்கும் இடம் அன்று.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, இதற்கு ஏன் ஒரு கட்டுரை என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வங்கி வாசலில் நிற்கும் காவலாளியின் தோளில் தொங்குவது என்ன? திருச்சியில் 1966இல் நிறுவப்பட்ட, ரைபிள் செய்யும் ஆயுதத் தொழிற்சாலை இருக்கிற மாநிலம் இது. செய்கிற திறமைக்கு நாம் தரும் மதிப்பில் சிறு பங்கையாவது பராமரிப்புக்குத் தருவது கடமை என்று நினைக்கிறேன். தேர்தல் அறிவித்ததும் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அவை வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். எரிந்த மருந்தின் கசடு குழலுக்குள் இருக்கும்போதே ஒப்படைத்தால், திரும்ப வாங்கும்போது உள்ளே குழிகள் விழுந்திருக்கலாம். குழி விழுந்த குழலை எந்தக் கரைப்பானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. சுடாத துப்பாக்கிக்குச் சுத்தம் எதற்கு என்பது வழக்கமாகக் கேட்கிற வாதம். ஈரக்காற்றுக்குச் சுட்டது, சுடாதது என்ற பேதமில்லை.

விலை உயர்ந்த இறக்குமதித் தாங்கி கட்டாயமில்லை. தேக்குப் பலகையில் இரண்டு கவைகள், நைட்ரைல் மெத்தை, அடிக்கட்டைக்கு ஒரு தடுப்பு, துப்பாக்கி முன்னே நகராமல் இழுத்துக் கட்ட ஒரு வார், மேசையில் நழுவாத கனமான அடிப்பலகை இவ்வளவுதான் தேவை. ஃபிக்ஸ்சர் செய்கிற எந்தச் சிறு பட்டறைக்கும் இது எளிய வேலை. இரண்டு கவைகளுக்கும் உள்ள இடைவெளியைத் துப்பாக்கியின் எடைமையம் அவற்றுக்கு நடுவே விழும்படி சொல்ல வேண்டும். முன்கவை பின்கவையைவிட இரண்டு விரற்கடை தாழ்வாக இருக்கட்டும். மேசையில் வைத்தால் கம்பி முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். அளவெடுக்கத் துப்பாக்கியைப் பட்டறைக்குத் தூக்கிப்போக வேண்டியதில்லை, அடிக்கட்டையின் வடிவையும் முன்கட்டையின் வடிவையும் அட்டையில் வெட்டிக் கொடுத்தால் போதும்.