ஒலி மென்பொருளும் துணை நூலகங்களும்: 'க்ராக்' வேண்டாம், நாமே கம்பைல் செய்யலாம்

பள்ளிவாசல் பயானைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்டால், பல நேரங்களில் பின்னணியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரம் திசை மாறி மாறி விநாடிக்கு 50 முழுச் சுழற்சிகளை முடிக்கிறது. அது மைக் வயர், ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பதிவில் நுழையும்போது 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண்களில் இரைச்சலாகத் தங்கிவிடுகிறது.

இதை நீக்க, கணினி தெரிந்த நம் பிள்ளைகள் சிலர் விலையுயர்ந்த ஒலி மென்பொருளின் 'க்ராக்' பதிப்பைத் தேடுகிறார்கள். இதில் இரண்டு தீங்குகள் உள்ளன. ஒன்று, அது பிறர் உழைப்பின் மீது கை வைப்பது. ஹக்குல் இபாத் சம்பந்தப்பட்ட விஷயம். மற்றொன்று, யார் திருத்தியது என்றே தெரியாத அந்தக் கோப்போடு வைரஸும் சேர்ந்து வரலாம். அதே கணினியில்தான் குடும்பத்தின் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

நேர்மையான வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை மட்டும் வேண்டும்.

பியூர் டேட்டா என்றால் என்ன?

மில்லர் பக்கெட் என்ற அமெரிக்க அறிஞர் 1990களில் உருவாக்கிய இலவச ஒலி நிரலாக்க மென்பொருள் பியூர் டேட்டா. சுருக்கமாக 'பிடி' என்பார்கள். இதில் வரிவரியாக நிரல் எழுதுவதற்குப் பதில், திரையில் சிறு பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைக்கிறோம். ஒரு பெட்டி மைக்கின் ஒலியை வாங்கும், அடுத்தது வடிகட்டும், கடைசிப் பெட்டி ஸ்பீக்கருக்கு அனுப்பும். இதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

அடிப்படைப் பெட்டிகள் போதாதபோது துணை நூலகங்களைச் சேர்க்கலாம். இவற்றுக்கு 'எக்ஸ்டெர்னல்ஸ்' என்று பெயர். உதாரணமாக, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரிலுள்ள மின்னணு இசை ஆய்வு நிலையத்திலிருந்து வந்த 'ஐஇஎம்லிப்' நூலகத்தில் பலவகை ஒலி வடிகட்டிகள் உள்ளன.

ஏன் கம்பைல் செய்ய வேண்டும்?

முதலில் பிடியின் மெனுவில் உள்ள 'ஃபைண்ட் எக்ஸ்டெர்னல்ஸ்' பகுதியில் தேடிப் பாருங்கள். பெரும்பாலான நூலகங்கள் அங்கே தயாராகக் கிடைக்கும். ஆனால் தயார்க் கோப்பு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இயங்குதளத்துக்கும் ப்ராசஸருக்கும் மட்டுமே பொருந்தும். விண்டோஸுக்கானது லினக்ஸில் ஓடாது. 32 பிட் கோப்பை 64 பிட் பிடி ஏற்காது. ஆப்பிளின் புதிய எம் வரிசை சிப்புக்கும் பழைய இன்டெல் சிப்புக்கும் தனித்தனிக் கோப்பு தேவைப்படலாம். உங்கள் கணினிக்கு உரியது கிடைக்காதபோதுதான் மூல நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்கிறோம். கம்பைல் என்பது, மனிதன் எழுதிய நிரலை அந்தக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது.

செய்முறை

உபுண்டு லினக்ஸில் இது எளிது.

1. 'பில்ட்-எசென்ஷியல்', 'பியூர்டேட்டா-டெவ்' ஆகிய இரண்டு பொதிகளை நிறுவுங்கள். முதலாவதில் கம்பைலர் இருக்கிறது. இரண்டாவதில் பிடியோடு பேசுவதற்கான ஹெடர் கோப்பு இருக்கிறது.
2. நூலகத்தின் மூல நிரலை, அதை எழுதியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.
3. 'ரீட்மீ' கோப்பை முழுமையாகப் படியுங்கள்.
4. டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் சென்று 'மேக்' கட்டளையைக் கொடுங்கள். பெரும்பாலான நூலகங்களுக்கு இதுவே போதும்.
5. உருவான கோப்புகளை, டாகுமெண்ட்ஸில் உள்ள பிடி ஃபோல்டரின் 'எக்ஸ்டெர்னல்ஸ்' பகுதியில் நூலகத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து வையுங்கள். அந்த இடம் பிடியின் 'பாத்' பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் இதே வேலைக்கு 'எம்சிஸ்2' என்ற இலவசத் தொகுப்பு உதவும்.

ஹெடர் கோப்பு இல்லை என்று பிழை வந்தால், இரண்டாவது பொதி நிறுவப்படவில்லை என்று பொருள். கம்பைல் முடிந்த பிறகும் பெட்டியைச் சுற்றிப் புள்ளிக்கோடு தெரிந்தால், பிடியால் அந்த நூலகத்தைக் கண்டுபிடிக்கவோ திறக்கவோ முடியவில்லை. ஃபோல்டர் இடத்தையும், 32 - 64 பிட் பொருத்தத்தையும் சரிபாருங்கள்.

இலவசம் என்றாலும் அமானிதமே

திறந்த மூல மென்பொருளுக்கும் நிபந்தனைகள் உண்டு. ஜிபிஎல் உரிமம் கொண்ட நூலகத்தைக் கம்பைல் செய்து நண்பருக்குக் கொடுத்தால், அதன் மூல நிரலும் அவருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும். பிஎஸ்டி உரிமம் என்றால் எழுதியவரின் பெயரும் உரிமக் குறிப்பும் நீக்கப்படக் கூடாது. பணம் கொடுக்கவில்லை என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. வாக்கைக் காப்பது முஃமினின் பண்பு அல்லவா?

பெற்றோர்களே, உங்கள் மகனோ மகளோ கறுப்புத் திரையில் பிழைச் செய்திகளோடு மணிக்கணக்கில் போராடுவதைக் கண்டால் நேரத்தை வீணாக்குவதாக எண்ணிவிடாதீர்கள். க்ராக் கோப்பைத் தேடியிருந்தால் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை விட்டு நேரான வழியில் கற்கும் பிள்ளைக்கு, நாளை ஹலாலான தொழிலாகவும் இந்தக் கல்வியே கை கொடுக்கும், இன்ஷா அல்லாஹ்.