மலாக்காவின் ஆட்டங்கள் – 4: நேர்த்திக்கடனும் இரவுக் கூத்தும்

சபை மேடையில் ஆடப்பெறும் பரதத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். மேடை என்ற ஒன்று இல்லாமலே, மண்தரையிலும் தார்ச்சாலையிலும் ஆடிவந்த ஆட்டங்களை இவ்வாரம் எடுத்துக்கொள்வது முறையாகும். 1896-இல் டான் சாய் யான் என்னும் சீனப் பிரமுகர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர்க் கன்றுகளை நட்டு, மலாயாவில் அப்பயிரை வியாபார நோக்குடன் வளர்க்கும் முயற்சியைத் தொடங்கிவைத்த பின்னர், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகப் பெருக, சேலம், திருச்சி, தஞ்சை, வடஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த நம் ஜனங்கள், கையில் மூட்டையோடு, கால்களில் தத்தம் ஊர் அடவுகளையும் சுமந்துகொண்டு கப்பலேறினார்கள்.

அவற்றுள் எவை நிலைத்தன, எவை நலிந்தன என்று ஆராயுமிடத்து, தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு ஆடிய ஆட்டங்களே பெரும்பாலும் பிழைத்திருப்பது புலனாகிறது. கரகத்தைப் பாருங்கள். மாரியம்மன் திருவிழாவில், நீர் நிரப்பி, வேப்பிலையும் பூவும் சார்த்தித் தலைமேல் ஏற்றப்படும் சக்தி கரகம் ஒன்று; ஜோடித்த செம்பைத் தலையில் நிறுத்தி, கண்டோர் வியக்கும்படி குனிந்தும் வளைந்தும் ஆடும் ஆட்டக்கரகம் மற்றொன்று. முன்னதை ஏந்துபவர் விரதமிருந்த பக்தர். பின்னதை ஆடுபவர் தொழில் கற்ற கலைஞர். விடியுமுன்னே பிரட்டுக்கு நின்று, பால்மரக் காட்டுக்குள் நுழையவேண்டிய இடத்தில், ஆட்டத்தையே ஜீவனமாகக் கொள்ள எவரால் முடியும்? ஆகவே சக்தி கரகமே தோட்டங்களில் வேரூன்றியது.

காவடியும் அவ்வாறே. மாசி மகத்தை ஒட்டி, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து முருகப்பெருமானின் ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் பிரயாணப்படும்போது, லயங்களை விட்டு நெடுங்காலமாகிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் காவடியேந்தி வருகிறார்கள். இன்னும் ஒரு சாட்சி உண்டு. சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து, உள்நாட்டுப் பெண்களை மணந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் மலாய் பேசுகிறார்கள். 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற டொண்டாங் சாயாங்கைப் பாடுகிறார்கள். ஆணும் பெண்ணும் தொடாமலே நெருங்கியும் விலகியும் ஆடும் ஜோகெட்டை விசேஷங்களில் ஆடுகிறார்கள். ஆயினும் காஜா பெராங்கில், 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலின் டத்தோ சாச்சார் திருவிழாவில் அவர்கள் எடுப்பது காவடியே. மூதாதையரின் பாஷை வீட்டை விட்டுப் போனபின்னும் காவடி போகவில்லை.

கூத்தின் கதி வேறு. இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்துக்கு, கட்டைகட்டி ஆடும் வேஷக்காரர்களும், கட்டியக்காரனும், விடியும்வரை கலையாத ஊரும் வேண்டும். காமன் கூத்துக்கோ அதினும் அதிகம் வேண்டும்: மாசியில் வளர்பிறை தொடங்கியதும் கம்பம் நட்டு, ரதியும் மன்மதனுமாக வேஷமிட்டோர் இரவுதோறும் ஆடி, பௌர்ணமியையொட்டிச் சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்து, பின் எழுவது வரையில், ஒரே திடலைச் சுற்றி ஒரே ஜனம் நாட்கணக்காகக் கூடியிருக்கவேண்டும். இலங்கை மலையகத்தில் அக்கூத்து இன்றும் ஆடப்படுவதற்குக் காரணம், அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் லயங்களும் அவற்றின் குடிகளும் இன்னும் ஒருசேர இருப்பதேயன்றி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த லய வாழ்வின் துயரத்தை மறந்து நான் இதைச் சொல்லவில்லை. இங்கே பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. ஒரு லயத்தில் இருந்தவர்கள் ஊருக்கொருவராகத் தாமான்களில் சிதறினார்கள். காவடியை ஒருவரே தூக்கிவிடலாம். கூத்தைத் தனியொருவர் தூக்க இயலாது.

கூத்தை மீட்க வேண்டுமென்போர் பரதம் பயிலும் பெண்பிள்ளைகளையே நாடுகிறார்கள். நான் உருமி மேளத்து இளைஞர்களை நாடச் சொல்வேன். சினிமா மெட்டு வாசிக்கிறார்கள், இரைச்சல் செய்கிறார்கள் என்று பெரியவர்களில் சிலர் அவர்களைக் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் மணிக்கணக்காக அடித்தாலும் தளராத தோளும், காலத்தை விட்டகலாத காதும், குழுவாக ஒன்றுகூடி ஒத்திகை பார்க்கும் வழக்கமும் இன்று அவர்களிடத்தேதான் இருக்கின்றன. தெருக்கூத்து ஒரு வேஷக்காரனிடம் கேட்பவையும் இவையே. தமிழகத்திலிருந்து கூத்து வாத்தியார் ஒருவரை வரவழைத்து, ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் இவ்விளைஞர்களோடு தங்கவைக்கும் செலவை ஏற்க ஒரு கோயில் நிர்வாகம் முன்வந்தால் போதும்.

(தொடரும்)