பத்து நாளில் ஏழு நாடா? முன்பணத்துக்கு முன் பயணத்திட்டத்தைப் படியுங்கள்

'பத்து நாள், ஏழு நாடு' என்ற நோட்டீசை நம்பி ஐரோப்பாவுக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் புதுச்சேரி சாரம் பக்கம் ஒவ்வொரு கோடைக்கும் இருக்கிறார்கள். எந்த நாள் எந்த ஊர் என்ற தாளைப் பணம் கட்டிய பிறகுதான் கேட்டு வாங்குகிறார்கள். சிலர் விசா மறுக்கப்பட்ட பிறகு. விசா கேட்கவும் அந்தத் தாள்தான் ஆதாரம், ஏமாந்தால் வழக்குப் போடவும் அதுதான் ஆதாரம். அதைப் படிக்காமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை, அதிக இரவுகள் தங்கப்போகும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். இரவுகள் சமமானால், முதலில் நுழையும் நாட்டிடம். நம் ஊரிலேயே பிரெஞ்சுத் துணைத் தூதரகம் இருக்கிறது, பாரிசில் சித்தப்பா இருக்கிறார் என்று, இத்தாலியில் ஐந்து இரவும் பாரிசில் இரண்டு இரவும் தங்கப்போகிறவர்கள் பிரான்சிடம் விண்ணப்பிக்கிறார்கள். இதைச் சரிக்கட்ட ஏஜென்ட் பாரிசில் ஏழு இரவுக்கு ஓட்டல் பதிவு காட்டுகிறார், கூடவே டம்மி டிக்கெட். தயவுசெய்து இதற்குத் தலையாட்டாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது அல்ல. மறுப்பு விழுந்தால் அந்த விவரம் ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்தாண்டு இருக்கும். 1962-ல் நடைமுறைக்கு வந்த புதுச்சேரி இணைப்பு ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த தாத்தாவின் தம்பி பேரைச் சொன்னால் சுற்றுலா விசாவில் சலுகை கிடைக்காது.

பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குவதாகச் சொன்னால் வாட்ஸ்அப் அழைப்பு போதாது. அவர் தன் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) 'அத்தெஸ்தாசியோன் தாக்கேய்' என்ற தங்கல் சான்றை வாங்கி, அசலை இங்கே அனுப்ப வேண்டும். மேரி உடனே கொடுத்துவிடும் என்று எண்ணி டிக்கெட் போடாதீர்கள். சான்று கைக்கு வந்த பிறகு போடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள்தான் கடைசிக் கெடு. முடிவு சொல்ல 45 நாள் வரை எடுத்துக்கொள்ளத் தூதரகத்துக்கு உரிமை உண்டு என்பதை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். 'நான்காம் நாள்: காலை பாரிஸ், பிற்பகல் டிட்லிஸ் பனிமலை, இரவு லூசர்ன்' என்றிருந்தால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாரிசிலிருந்து லூசர்ன் 600 கிலோமீட்டருக்கு மேல். ஐரோப்பியச் சட்டப்படி பஸ் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். நாளொன்றுக்குப் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மலையேறும் கேபிள் கார் உங்களுக்காகக் காத்திருக்காது. லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், வெர்சாய் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். இதைக்கூடப் பார்க்காமல் திட்டம் அச்சடிக்கிறார்கள். 'லண்டனும் சேர்த்து' என்றால் அதற்குத் தனி விசா. போய்த் திரும்பவும் ஷெங்கனுக்குள் நுழைய, பலமுறை நுழையும் விசா வேண்டும். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது, வரிசை நீளும். சென்னை விமான நிலையத்துக்குப் போகவே நமக்கு அரை நாள். இறங்கும் நாளில் எதையும் வைக்காதீர்கள். பத்து நாளைக்கு இரண்டு நாடு, மூன்று ஊர் போதும்.

ஏஜென்டிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: தேதி வாரியாக ஊர், ஓட்டல் பெயர், சேராத செலவுகள், விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில். பணத்தை வங்கி வழியாகக் கட்டி, ஜிஎஸ்டி ரசீது வாங்குங்கள். பிடிக்கும் டிசிஎஸ் வரி உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா பாருங்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடு செய்துகொள்ளலாம்.

சொன்னபடி நடக்காவிட்டால் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 'தலைமை அலுவலகம் மும்பை, அங்கே வந்து கேஸ் போடுங்கள்' என்பார்கள், அஞ்சாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 'இன்னைக்கு, நாளைக்கு' என்று ஏஜென்ட் இழுப்பது இந்தக் கெடுவுக்காகவும்தான்.

விசா மறுக்கப்பட்டால் விண்ணப்ப மையத்து கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் தாள் வாங்கி அனுப்புகிறவர்கள் மட்டுமே. முடிவு தூதரகத்துடையது. மறுப்புப் படிவத்தில் எந்தக் காரணத்துக்கு நேராகக் குறி இருக்கிறது என்று பாருங்கள். ஆவணக் குறை என்றால், சரிசெய்து மறுபடி விண்ணப்பிப்பதே விரைவு. மறுத்தது பிரான்ஸ் என்றால், முடிவு தவறென்று உறுதியாகவும் இருந்தால், பிரான்சின் நாந்த் நகரிலுள்ள விசா துணை இயக்குநருக்குப் பிரெஞ்சு மொழியில் முறையீடு அனுப்பலாம். மறுப்பு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள்தான். கவரை எறிந்துவிடாதீர்கள், மறுப்புப் படிவத்தின் நகலை முறையீட்டுடன் இணைக்க வேண்டும்.