பழைய மாருதி காரும் பராமரிப்பும்

வலியசாலையிலும் சுற்றுப்புறத்திலும் மாருதி 800 கார்களை இன்னமும் ஆங்காங்கே காண முடிகிறது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும், எப்போதாவது சுசீந்திரத்துக்கும் போய்வரப் போதுமான வண்டி. ஆனால், "இதை இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம்?" என்ற கேள்வி அந்த வீடுகளில் எழாமல் இருப்பதில்லை. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1983 டிசம்பர் 14 அன்று அறிமுகமான இந்தக் கார், 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்பனையாயிற்று. மூன்று சிலிண்டர்கள் கொண்ட 796 சி.சி. என்ஜின், வண்டியின் எடையோ சுமார் 650 கிலோ. சுமை குறைவு என்பதால் என்ஜினின் தேய்மானமும் குறைவு. 2019 வரை தயாரான ஆம்னி வேனிலும் இதே குடும்பத்து என்ஜின்தான். ஆகவே உதிரி பாகங்களுக்கும் பெரிய தட்டுப்பாடு இல்லை.

அப்படியானால் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது எது? ரப்பரும் துருவும்தான். இவை இரண்டும் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. ஷெட்டில் நிற்கும் வண்டியையும் கெடுக்கும். "மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புதிது போல இருக்கிறது" என்று நம்புவது ஆபத்து.

ரயில் பெட்டி பழுதாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று ரயில்வேயில் காத்திருப்பதில்லை. குறித்த காலம் வந்ததும், நன்றாக ஓடும் பெட்டியும் பணிமனைக்குப் போயாக வேண்டும். காருக்கும் இதே முறை பொருந்தும்.

முதலில் பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த ஆயில் சூடேறினால் குமிழி விடும். பெடல் தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. பொன்முடி இறக்கத்தில் இது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றிவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் வருவது பிரேக்குக்கு ஓய்வு தரும்.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். 2025 முதல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களும் வாஷர்களும் இதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் உப்பிக் கசியலாம். சூடான என்ஜின்மீது பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. பெட்ரோல் வாடை வந்தால் அன்றே காட்டிவிடுங்கள்.

ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட், முன்சக்கர டிரைவ் ஷாப்டின் ரப்பர் உறைகள் ஆகியவற்றையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் தேயாவிட்டாலும், ஐந்தாறு ஆண்டு கடந்து ரப்பர் இறுகிய டயர் மழையில் வழுக்கும்.

இனி துரு. கடற்காற்று வீசும் ஊர் நம்முடையது. இடவப்பாதியும் துலா மழையும் வேறு. ஜீப்பைப் போல இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே சட்டம். கதவின் அடியிலுள்ள வடிதுளைகளில் குப்பை அடைத்தால் உள்ளே நீர் தேங்கும். மழைக்காலம் முடிந்ததும் தரைவிரிப்பை எடுத்து உலர்த்தி, வண்டியைத் தூக்கி அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். தகட்டில் சிறு ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போடலாம். சஸ்பென்ஷன் பொருத்தப்பட்ட இடங்கள் துருப்பிடித்து இற்றுப்போனால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விடைகொடுத்துவிடுவதே நல்லது.

வாரம் ஒருமுறை 15, 20 கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டுங்கள். பாட்டரி சார்ஜ் ஆகும். சைலன்சரில் தேங்கிய ஈரமும் போகும்.

செலவையும் கணக்கிட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த காருக்கு ஐந்தாண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக உயர்ந்த இக்கட்டணம், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்தது. வரியும் இன்ஷூரன்ஸும் தனி. பழைய இரும்புக்கு விற்பதானால் பதிவை முறைப்படி ரத்து செய்துவிடுங்கள். இல்லையேல் பொறுப்பு உங்கள் தலையிலேயே இருக்கும்.

இந்தக் காரில் ஏர்பேக் இல்லை என்பதையும் மறக்கலாகாது. ஊருக்குள் நிதானமாக ஓட்டத் தகுந்த வண்டி. பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் விரைவதற்கு உகந்ததல்ல.

ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்து, எது எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்று எழுதிவாருங்கள். அடுத்து எதை எப்போது மாற்ற வேண்டும் என்பதை அதுவே நினைவூட்டும். வண்டியை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுக்கவும் உதவும்.