உறை போட்டால் சுத்தமாகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லிட்டில் இந்தியாவில் கூட்டம் நெரிகிறது. வெயிலில் நடந்து களைத்த ஒருவர் இளநீர் கேட்கிறார். கடைக்காரர் காயைச் சீவுகிறார். காசை வாங்கிப் பெட்டியில் போடுகிறார். அதே கையால் ஓர் உறிஞ்சுகுழாயை எடுத்துக் காய்க்குள் செருகித் தருகிறார். அவருடைய விரல் குழாயின் எந்த முனையில் பட்டது என்று வாங்கியவர் கவனிப்பதில்லை. ஆனால், அந்த முனையில்தான் வாய் வைத்துக் குடிக்கப் போகிறார்.

உணவுக்கடை நடத்துவோர் உறையிட்ட உறிஞ்சுகுழாயை வாங்குவதா, உறையில்லாததை வாங்குவதா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. பார்ப்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் வாடிக்கையாளரின் உடல்நலம், கடையின் செலவு, நாட்டின் குப்பை ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருக்கின்றன.

உறை எதற்காக?

ஆரம்பத்தில் ரை என்ற தானியத்தின் காய்ந்த தண்டைக் கொண்டே மேல்நாட்டார் பானங்களை உறிஞ்சிக் குடித்தனர். ஆங்கிலத்தில் வைக்கோலுக்கும் உறிஞ்சுகுழாய்க்கும் ‘ஸ்ட்ரா’ என்ற ஒரே பெயர் இருப்பது அதனால்தான். 1888ஆம் ஆண்டு அமெரிக்காவின் மார்வின் ஸ்டோன் காகிதக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பிளாஸ்டிக் பின்னால் வந்தது.

பொது இடத்தில் பலர் பயன்படுத்தும் பொருள் என்பதால் சுகாதார விதிகளும் வந்தன. வாடிக்கையாளர் தாமே எடுத்துக்கொள்ளும் குழாய், பிரிக்கப்படாத தனி உறையில் இருக்க வேண்டும். அல்லது அங்கீகரிக்கப்பட்ட வழங்கு பெட்டியிலிருந்து வர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பு. இதில் ‘அல்லது’ என்ற சொல்தான் முக்கியம். உறை ஒரு வழி மட்டுமே. வாயில் படும் முனையைப் பிறர் கை தொடக்கூடாது என்பதே நோக்கம்.

ஆகவே, உறை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நினைப்பது தவறு. 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் சாப்பிட்ட சம்பவத்தில் 154 பேர் நோயுற்றனர். அவர்களில் இருவர் உயிரிழந்தனர். பச்சைக் கடலுணவில் இருந்த கிருமி, சாப்பிடத் தயாராக இருந்த உணவுக்குப் பரவியதே காரணம் எனத் தெரியவந்தது. கையும் பலகையும் கத்தியும் சுத்தமாக இல்லாத கடையை எந்த உறையும் காப்பாற்றாது.

இரண்டு தரப்பு நியாயம்

உறையிட்டதை விரும்புவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தூசு, ஈ, பல பேர் கை ஆகியவற்றிலிருந்து அது பாதுகாப்புத் தருகிறது. 2003ல் சார்ஸையும் 2020ல் கொவிட்-19ஐயும் சந்தித்த நகரத்தில், உறையைப் பிரித்துக் குடிப்பது வாடிக்கையாளருக்கு ஒரு மனநிம்மதி.

உறை வேண்டாம் என்போரின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியதல்ல. உறையிட்டது விலை கூடுதல். வைக்க இடமும் அதிகம் வேண்டும். ஒரு குழாய்க்கு இரண்டு குப்பை சேர்கிறது. லேசான உறை காற்றில் பறந்து கால்வாயில் விழுகிறது. சிங்கப்பூரில் எரிக்கப்படும் குப்பையின் சாம்பல் போய்ச் சேரும் செமாகாவ் நிலப்பரப்பு, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

இதனால்தான் 2018 ஜூன் 20 முதல் கேஎஃப்சி, சிங்கப்பூரில் தனது 84 கிளைகளிலும் பிளாஸ்டிக் மூடியையும் உறிஞ்சுகுழாயையும் தருவதை நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய்க்குத் தடை வந்தது. இந்தியா முழுவதும் 2022 ஜூலை 1 முதல் தடை நடப்புக்கு வந்தபோது அதிகம் தடுமாறியவை சிறு காகிதப் பெட்டியில் பழச்சாறு விற்கும் நிறுவனங்கள். அந்தக் குழாய் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டுப் பல கை மாறி வருவதால், அதற்கு உறை அவசியம்.

எந்தக் கடைக்கு எது?

அந்தப் பழச்சாற்றுப் பெட்டியே விடையையும் காட்டுகிறது. பானம் கடையை விட்டு எப்படிப் போகிறது என்று பார்த்தால் போதும்.

வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொட்டலம், விநியோக ஊழியர் கொண்டுபோகும் பானம், திருமண விருந்துக்கு மொத்தமாக அனுப்பும் பானம் ஆகியவற்றுக்கு உறையிட்டதே சரி. குழாய் எங்கே, யார் கையில் இருக்கும் என்பது கடைக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லை. இங்கும் பிளாஸ்டிக் உறையைவிடக் காகித உறை மேல். முத்துத் தேநீருக்கான கூர்முனைக் குழாய்க்கும் உறை பொருந்தும். வாடிக்கையாளரே மூடியைக் குத்திக் குடிப்பதால் கடைக்காரர் குழாயைத் தொட வேண்டியதில்லை.

தேக்கா நிலையம் போன்ற உணவங்காடியில் உட்கார்ந்து குடிப்பவருக்கு உறையில்லாததே போதும். ஆனால், திறந்த டப்பாவில் செருகி வைக்கக்கூடாது. ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் மூடிய பெட்டியில் வைத்து, கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். குவளையில் தரும் தேநீருக்கும் காப்பிக்கும் குழாயே தேவையில்லை. எண்ணிக்கை குறைந்தால் செலவும் குறையும். மிச்சப்படும் காசில் காகிதக் குழாய் வாங்கலாம்.

காகிதக் குழாய் வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பிரித்த பொட்டலத்தைக் கழுவுதொட்டி அருகே வைத்தால் குழாய் பதத்துப்போகும். காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

இல்லை என்று சொல்லலாமா?

குப்பையைக் குறைக்கிறோம் என்று உறிஞ்சுகுழாயை அடியோடு ஒழிப்பதும் சரியல்ல. வளையும் குழாய்க்கு 1937ல் காப்புரிமை பெற்ற ஜோசப் ஃபிரீட்மன், 1947ல் அதை முதன்முதலில் விற்றது ஒரு மருத்துவமனைக்கு. படுக்கையில் கிடப்பவருக்கும், கை நடுங்கும் முதியவருக்கும், குவளையைத் தூக்க முடியாத உடற்குறையுள்ளவருக்கும் அது ஆடம்பரம் அல்ல. தாகத்தைத் தீர்க்கும் வழி. அவர்களுக்காகக் கடையில் ஒரு கட்டு எப்போதும் இருக்க வேண்டும்.

இளநீர்க் கடைக்காரருக்கும் இதில் ஓர் எளிய வழி இருக்கிறது. காயைச் சீவிக் கொடுத்துவிட்டு, உறிஞ்சுகுழாய்ப் பெட்டியை வாங்குபவர் பக்கம் நகர்த்தி வைத்தால் போதும். அவருடைய குழாயை அவரே எடுத்துச் செருகிக்கொள்வார். அதற்குக் காசு ஏதும் கூடுதலாகச் செலவாகாது.